பின்பனியும் ஒரு கறிவேப்பிலைச் செடியும்

கும்பகோணத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பருவங்களையும் விரல் மடக்கி ஒப்பிக்கச் செய்த எங்கள் வாத்தியார், அவற்றில் எத்தனையைத் தாம் கண்ணால் கண்டிருக்கிறார் என்று நாங்களும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. காவிரிக் கரையில் வெயில், கடும் வெயில், அடைமழை என்ற மூன்றுக்கு மேல் வேறு ருதுக்கள் இருப்பதாக எனக்குத் தெரிந்தவரை யாரும் உணர்ந்ததில்லை. மார்கழி விடியலில் கோலம் போடும் பெண்களின் விரல் சற்றுக் குளிர்ந்தால் அதை முன்பனி என்று ஒருவாறு ஒப்புக்கொள்ளலாம். ஆனால் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம் என்பதை, மாசி மகத்தன்று நடுப்பகலில் மகாமகக் குளத்துப் படிக்கட்டில் வெறுங்காலோடு நின்று பார்த்தவன் எப்படி நம்புவான்? அந்தச் சொல் நிகண்டுக்காரர்கள் கணக்குச் சரிக்கட்டுவதற்காக வைத்த சொல் என்றே அறுபது வயது கடந்தும் எண்ணியிருந்தேன். டொரொண்டோ மாநகரின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் மகள் வீட்டில் சென்ற மாசி முதல் சித்திரை கடைசி வரை தங்கியிருந்தபோதுதான், பின்பனி என்பது எவ்வளவு நுட்பமான பெயர் என்பதும், இளவேனிலுக்கும் அதற்கும் இடையே உள்ள உறவு நான் நினைத்ததுபோல் பகை உறவு அன்று என்பதும் எனக்கு விளங்கின.

நான் போய் இறங்கிய சமயத்தில் பனியின் அழகெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. வாழ்த்து அட்டைகளில் காணும் பால்வெண்மை, மார்கழியில் முதல் பனி விழுந்த மறுநாளைக்கு உரியது போலும். மாசியில் அது தெருவோரங்களில் குவிந்து, கருகி, வண்டிச் சக்கரங்கள் வாரியடித்த சேற்றைப் பூசிக்கொண்டு, இடித்த கட்டடத்தின் காரைக் குவியல்போல் கிடந்தது. சாலையிலும் நடைபாதையிலும் பனி உறையாமலிருக்க நகரசபையார் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பு நீரில் நடந்து வீடு திரும்பி, காலணி உலர்ந்த பிறகு பார்த்தால், அதைச் சுற்றி வேட்டிக் கரைபோல் ஒரு வெள்ளைக் கோடு படிந்திருக்கும். மரங்களோ, விளக்குமாறுகளைத் தலைகீழாக நட்டு வைத்ததுபோல் ஓர் இலையுமின்றி நின்றன. இவை உயிரோடு இருக்கின்றனவா என்று மகளைக் கேட்டேன். "எல்லாம் இருக்குப்பா, கொஞ்சம் பொறுங்க" என்றாள்.

பக்கத்து வீட்டுப் பெரியவரை அறிமுகம் செய்து வைத்ததும் அந்தப் பனிதான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பத்தைந்து வருஷங்களுக்கு மேல் இங்கே வாசம் செய்பவர். எழுபத்தெட்டு வயதிலும் தம் வாசலைத் தாமே மண்வாரியால் சுத்தம் செய்துகொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் நிமிர்ந்து, "தம்பி ஊரிலயிருந்து புதுசா வந்தனீங்களோ? காதை மூடுங்கோ முதல்ல" என்றார். அவர் வந்து இறங்கியது 1987ஆம் வருஷத்துப் பெப்ரவரி மாதமாம். "அப்ப என்ர காலில கான்வாஸ் சப்பாத்து, தம்பி. ஐஸில வைச்ச கால் எங்க போகுதெண்டு எனக்கே தெரியேல்லை." 1983 ஜூலைக் கலவரங்களுக்குப் பின் ஈழத்திலிருந்து புறப்பட்டு வந்தவர்களில் பலர் இப்படித்தான் குளிரை முதன்முதலில் கால் வழியாக அறிந்திருக்க வேண்டும். பெரியவர் வந்து இறங்குவதற்கு ஆறு மாதம் முன்பு, 1986 ஆகஸ்டு மாதத்தில், 155 தமிழர்கள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் நடுக்கடலில் மிதந்துகொண்டிருந்ததை மீனவர் கண்டு மீட்டார்கள். அது கோடை, ஆனாலும் அந்தக் கடலின் குளிர் நம் ஊர் மார்கழியைப் போல் பன்மடங்கு இருந்திருக்கும்.

வெப்பம் வருவதற்கு வெகு முன்னதாகவே வெளிச்சம் வந்துவிடுவது இந்நாட்டின் வினோதங்களில் ஒன்று. டொரொண்டோ ஏறத்தாழ 43 பாகை 40 கலை வட அட்சத்தில் இருப்பதால், டிசம்பர் இறுதியில் ஒன்பது மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாக இருக்கும் பகற்பொழுது ஜூன் மாதத்தில் பதினைந்து மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. நம் கும்பகோணத்திலோ வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத்தான் வித்தியாசம். ஆகவே மார்ச்சு மாதத்தில் இங்கே ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஏறக்குறைய மூன்று நிமிஷம் கூடுதலாக விடிந்துகொண்டே போகிறது. மேஜையின் மேல் ஒரு கடியாரத்தை வைத்துக்கொண்டு, எதிர்வீட்டுக் கூரையில் கடைசி வெயில் மறையும் நேரத்தைக் குறித்து வருவது எனக்கு ஒரு பொழுதுபோக்காயிற்று. வெளியே தண்ணீர் உறையும் குளிர்; உள்ளே ஜன்னல் வழியே சித்திரை மாதத்துச் சூரியன். கண்ணுக்கு ஒரு ருது, சரீரத்துக்கு வேறொரு ருது.

இதற்கிடையில் அரசாங்கமும் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்கிறது. மார்ச்சு மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அதிகாலை இரண்டு மணிக்குக் கடியாரத்தை மூன்று மணியாக்கி, பிரஜைகளின் தூக்கத்தில் ஒரு மணி நேரத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். நவம்பரில் அதை வட்டியில்லாமல் திருப்பிக் கொடுக்கிறார்களாம். என் கவலையெல்லாம் ராகுகாலத்தைப் பற்றியது. ஞாயிறு மாலை நாலரை முதல் ஆறு என்று பாட்டி காலத்திலிருந்து பாடம் செய்திருக்கிறோமே, அந்த ராகு கடியாரத்துக்குக் கட்டுப்பட்டவனா, சூரியனுக்குக் கட்டுப்பட்டவனா? தமிழ்க் கடைக்காரர்கள் இனாமாகக் கொடுக்கும் நாள்காட்டியைப் புரட்டினேன். உள்ளூர்ச் சூரிய உதயத்தை வைத்துக் கணக்குப் போட்டு, கோடைக்கும் குளிருக்கும் தனித்தனியே நேரம் கொடுத்திருந்தார்கள். கடல் கடந்து வந்தவர்கள் கிரகங்களையும் கையோடு கூட்டிவந்து, அவற்றுக்கு இவ்வூர் நேரத்தையும் பழக்கிவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் கழித்து, திடீரென்று ஒரு வெதுவெதுப்பான காற்று வீசிற்று. கூரை விளிம்புகளிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடிந்தது. தெருவில் ஒரு பையன் அரைக்கால் சட்டையோடு சைக்கிள் விட்டான். பனிக்குவியலின் அடியிலிருந்து ஒரு கையுறை, ஒரு பால்பெட்டி, சென்ற கார்த்திகையில் யாரோ தொலைத்த பந்து ஆகிய புதைபொருள்கள் வெளிப்பட்டன. நான் மேலங்கியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, வசந்தத்தை வரவேற்கும் பாவனையில் வாசலில் நின்றேன். பெரியவர் வேலிக்கு அப்பாலிருந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உந்த வெயிலை நம்பி ஜாக்கெட்டைக் கழட்டிப்போடாதையுங்கோ, தம்பி. இன்னும் ரெண்டு தரம் கொட்டும்." மறுநாள் இரவே கொட்டிற்று. அதன் பின்னும் இரண்டு தரம் கொட்டிற்று. அவர் கணக்கில் ஒன்று குறைந்துவிட்டது.

இந்தப் போக்குவரத்துக்கு ஏரியும் ஒரு காரணம். டொரொண்டோ ஒண்டாரியோ ஏரியின் வடகரையில் இருக்கிறது. ஏரி என்றால் நம் வீராணம், மதுராந்தகம் அளவில் எண்ணிக்கொள்ளக் கூடாது. ஆழமான இடத்தில் 244 மீட்டர் இருக்கும் இந்த ஜலராசி, எந்தக் கடுங்குளிரிலும் பெரும்பாலும் முழுவதும் உறைவதில்லை. உறையாமல் குளிர்ந்து, குளிர்ச்சியைத் தன் வயிற்றில் மாதக்கணக்காகச் சேமித்து வைத்துக்கொள்கிறது. பங்குனியிலும் சித்திரையிலும் உள்நாட்டுப் பக்கத்திலிருந்து காற்று அடித்தால் உடம்பு வியர்க்கிறது. அதே நாள் காற்று திரும்பி ஏரிப் பக்கமிருந்து வீசினால் அரை மணி நேரத்தில் போர்வையைத் தேட வேண்டியதாகிறது. வானொலிக்காரர் தினமும் வெப்பநிலையைச் சொல்லிவிட்டு, ஏரிக்கரையில் இதைவிடக் குளிராக இருக்கும் என்று ஒரு வால் சேர்க்கிறார். ஸ்கார்பரோவின் தென்கோடியில் தொண்ணூறு மீட்டர் உயரம்வரை செங்குத்தாக நிற்கும் மண் குன்றுகளைப் பார்க்க ஒருநாள் போனோம். 1793இல், இம்மாகாணத்து ஆளுநரின் மனைவி எலிசபெத் சிம்கோ, இவை இங்கிலாந்துக் கடற்கரையிலுள்ள ஸ்கார்பரோவை நினைவூட்டுவதாகக் கருதியதால் வந்த பெயர்தான் இந்தப் பகுதிக்கு இன்றும் வழங்குகிறது. இரவில் உறைந்து பகலில் உருகும் நீர் மண்ணுக்குள் ஆப்புப்போல் இறங்கி, அந்தக் குன்றுகளைச் சரித்துக்கொண்டிருந்தது. வந்தவர்கள் வைத்த பெயர்களைச் சுமந்துகொண்டு கரை கொஞ்சம் கொஞ்சமாக ஏரிக்குள் போகிறது.

பங்குனி நடுவில் மாப்பிள்ளை எங்களை நகருக்கு வடக்கே, புரூசஸ் மில் என்னும் இடத்திலுள்ள மேப்பிள் தோப்புக்கு அழைத்துச் சென்றார். பெரியவரையும் வற்புறுத்தி உடன் ஏற்றிக்கொண்டோம். மேப்பிள் மரத்தின் தண்டில் சிறு துளையிட்டு, அதில் ஒரு குழாயைச் செருகி, வடிகிற சாற்றை வாளியில் பிடித்துக் காய்ச்சிப் பாகு எடுப்பது இந்நாட்டின் பூர்வ குடிகளான அனிஷினாபே முதலிய மக்களிடமிருந்து பின்னால் வந்தவர்கள் கற்ற வித்தை. அனிஷினாபே மக்கள் இந்த மாதத்தையே சர்க்கரைத் திங்கள் என்கிறார்கள். வாளியில் விரல் தோய்த்து நாவில் வைத்துப் பார்த்தேன். வெறும் தண்ணீரில் யாரோ தித்திப்பை நினைத்துக்கொண்டதுபோல் இருந்தது. சாற்றில் சர்க்கரை நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஏறத்தாழ நாற்பது லிட்டர் சாற்றை வற்றக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு தேறும்.

கொட்டகைக்குள் நுழைந்தோம். விறகடுப்பின் மேல் அகன்ற தட்டுகளில் சாறு கொதித்து, ஆவி கூரைவரை எழும்பி, இனிப்பும் புகையும் கலந்த ஒரு வாசனை எங்களைச் சூழ்ந்துகொண்டது. பெரியவர் அசையாமல் நின்றார். "எங்கட கருப்பணி காய்ச்சிற கொட்டிலுக்க நிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார் மெதுவாக. யாழ்ப்பாணத்தில் கருப்பணி என்றால் நாம் பதநீர் என்பது. அங்கே அதைக் காய்ச்சிப் பனங்கட்டி வார்ப்பார்கள். நம் திருநெல்வேலிச் சீமையில் அதுவே கருப்பட்டி. எண்ணிப் பார்த்தால் மாதமும் ஏறக்குறைய அதுதான்! அங்கே மாசி பங்குனியில் பனையேறிகள் பாளை சீவிக் கலயம் கட்டும்போது, பூமியின் இந்தப் பக்கத்தில் பனிக்குள் நின்று மேப்பிளைத் துளைக்கிறார்கள்.

ஆனால் ஒரு பேதம் உண்டு. பனைக்கு வெயில் போதும். மேப்பிளுக்கோ இரவில் நீர் உறையும் குளிரும், பகலில் அதை உருக்கும் வெப்பமும் மாறி மாறி வேண்டும். இரவில் உறையும்போது மரம் வேரிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்கிறது. பகலில் உருகும்போது உள்ளே அழுத்தம் ஏறிச் சாறு துளை வழியே வெளிப்படுகிறது. குளிர் ஒரேயடியாக நீங்கி, மொட்டுகள் விரியத் தொடங்கிவிட்டால், சாற்றின் சுவை கெட்டு, வாளிகளைக் கவிழ்த்துவிட வேண்டியதுதான். ஆக, எந்த இழுபறியை நான் ஒரு மாதமாக வைதுகொண்டிருந்தேனோ, ஒருநாள் வெயில் மறுநாள் பனி என்று பொறுமையைச் சோதித்த அந்த அலைக்கழிப்பே, பாகாக என் கையிலிருந்த தோசை போன்ற பணியாரத்தின் மேல் வழிந்துகொண்டிருந்தது. பின்பனி வசந்தத்தைத் தடுத்து நிறுத்தியிருப்பதாக நான் நினைத்தது தவறு. இந்த மரம் அதைத் தன் வேலைக்குரிய பருவமாகவே வைத்திருக்கிறது.

சித்திரைப் பிறப்பன்று ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் நல்ல கூட்டம். பட்டுப் புடைவைக்கு மேல் கம்பளி அங்கி. அதற்கு மேல் நெற்றியில் திருநீறு. பெரியவர் வீட்டில் ஈழத்துச் சம்பிரதாயப்படி மருத்துநீர் தெளித்துக்கொண்டு தலை முழுகி, பேரக் குழந்தைகளுக்குக் கைவிசேஷம் கொடுத்தார்கள். கேட்காமலே எனக்கும் ஓர் ஐந்து டாலர் தாள் கிடைத்தது. எங்கள் வீட்டில் வேப்பம்பூப் பச்சடி, பொட்டலத்தில் வந்த உலர்ந்த பூவில். ஊரில் இந்நேரம் வேப்பமரத்தடியெல்லாம் பூ உதிர்ந்து கிடக்கும். இங்கே கோயில் வாசலில் உதிர்ந்துகொண்டிருந்தது வேறு; கார்க் கண்ணாடியில் விழுந்ததும் கரைந்துபோன மெல்லிய பனி.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஹை பார்க்கில் செர்ரி பூத்துவிட்டது என்று செய்தி வந்தது. பெரியவரும் நானும் கென்னடி நிலையத்தில் சுரங்க ரயில் ஏறினோம். நகரைக் கிழக்கிலிருந்து மேற்காகக் குறுக்கே கடக்கும் தடம் அது. பிராட்வியூ நிலையம் தாண்டியதும் ரயில் திடீரென்று வெளிச்சத்துக்கு வந்து, டான் நதிப் பள்ளத்தாக்கின் மேலே ஓர் உயர்ந்த பாலத்தில் ஓடுகிறது. 1918இல் திறந்த அப்பாலத்தைக் கட்டியவர்கள், என்றாவது ரயில் வரும் என்று நம்பிக் கீழ்த்தட்டு ஒன்றையும் சேர்த்தே அமைத்து வைத்தார்களாம். ரயில் 1966இல்தான் வந்தது. இலங்கையில் பிறந்து இந்நகரில் வாழும் மைக்கேல் ஒண்டாச்சி, அப்பாலத்தைக் கட்டிய குடியேறித் தொழிலாளர்களை வைத்து 1987இல் ஒரு நாவல் எழுதியிருக்கிறார். கீழே, பள்ளத்தாக்கில், அரளி இலைபோல் நீண்ட இலைகளையுடைய வில்லோ மரங்களின் தொங்கு கிளைகள் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு மூட்டமாகத் தெரிந்தன. பாலத்தைக் கடக்க ஆகும் நேரம் மிகச் சொற்பம். அதற்குள் பெட்டியில் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தார்கள்.

ஹை பார்க் ஏறத்தாழ நானூறு ஏக்கர் விஸ்தீரணமுள்ள வனம். ஜான் ஹோவர்டு என்ற கட்டடக் கலைஞர் தம் நிலத்தை 1873இல் நகரத்துக்கு எழுதி வைத்தார்; அவருடைய வீடும் உள்ளேயே இருக்கிறது. மேற்குப் புறத்தில் உள்ள கிரெனடியர் குளத்துக்கு ஒரு கதை சொல்கிறார்கள்: 1812இல் மூண்ட யுத்தத்தின்போது சிப்பாய்கள் உறைந்த நீரைக் கடக்கையில் பனிக்கட்டி உடைந்து மூழ்கிப்போனார்களாம். சரித்திரக்காரர்கள் இதை ஒப்புவதில்லை. ஆனால் வசந்தத்தின் வாசலில் நிற்கும் பனிக்கட்டியை நம்பக் கூடாது என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான கதை அகப்படாது.

குளத்தை நோக்கி இறங்கும் சரிவில் செர்ரி மரங்கள். இலை ஒன்றுகூட இன்னும் வரவில்லை. கறுத்த கிளைகளின் மேல் நேரடியாகப் பூ, பூ, பூ. வெண்மை என்றால் வெண்மையில்லை, ரோஜா நிறம் என்றால் அதுவுமில்லை; பாலில் ஒரு துளி குங்கும நீர் விழுந்து, இன்னும் கலக்காத நிலையில் இருக்கும் நிறம். ஸொமெய் யொஷினோ என்னும் இந்த ஜாதி முழுவதும் ஒட்டுக் கட்டி வளர்த்த ஒரே மரத்தின் வம்சம் ஆதலால், ஒரு சரிவில் உள்ளவை ஏறத்தாழ ஒரே நாளில் பூக்கின்றன. ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். காற்றும் மழையும் சேர்ந்தால் அதுவும் இல்லை. இவற்றுக்கும் குளிர் ஒரு கடன். குளிர்காலத்தில் இத்தனை வாரம் குளிர்ந்து கிடந்தாலொழிய மொட்டின் உறக்கம் முறையாகக் கலையாது. கும்பகோணத்தில் கொண்டுவந்து நட்டு, தினம் குடம் குடமாகத் தண்ணீர் விட்டாலும், எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியாமல் நிற்கும்.

இம்மரங்கள் வந்த வரலாற்றை அங்கேயுள்ள பலகையில் படித்தோம். 1959 ஏப்ரல் 1ஆம் தேதி, ஜப்பானியத் தூதர் டோரு ஹகிவாரா, டோக்கியோ நகரத்தாரின் சார்பில் டொரொண்டோ நகரத்தாருக்கு 2,000 செர்ரி மரங்களை அளித்தார். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு, இடம்பெயர்ந்து வந்த ஜப்பானியக் கனடியர்களை இந்நகரம் ஏற்றுக்கொண்டதற்கு நன்றியாம் அது. அந்த இடப்பெயர்ச்சியின் விவரம் அவ்வளவு மணமுள்ளதன்று. 1942இல் பசிபிக் கரையிலிருந்து ஜப்பானிய வம்சத்தவர் சுமார் 22,000 பேரை, அவர்களில் பெரும்பாலோர் இந்நாட்டிலேயே பிறந்த அல்லது குடியுரிமை பெற்ற பிரஜைகள், அரசாங்கம் அப்புறப்படுத்தி முகாம்களிலும் பண்ணைகளிலும் வைத்தது. வீடு, நிலம், மீன்பிடி படகு எல்லாவற்றையும் விற்றுவிட்டது. யுத்தம் முடிந்தும் அவர்கள் ஊர் திரும்ப அனுமதியில்லை. அந்தத் தடை நீங்கியது 1949 ஏப்ரல் 1. மரங்கள் வந்தது அதற்குச் சரியாகப் பத்து வருஷம் கழித்து, அதே தேதியில், திட்டமிட்டதோ தற்செயலோ. அரசாங்கம் மன்னிப்புக் கோரியது 1988இல். அதற்குள் மரங்களுக்கு வயது முப்பதை நெருங்கிவிட்டது.

பெரியவர் பலகையை இரண்டு தரம் படித்தார். "படகையும் வித்துப்போட்டாங்களோ" என்று மட்டும் கேட்டார். பிறகு, கூறைச் சேலையும் பட்டு வேட்டியுமாக ஒரு தமிழ் மணமக்கள் புகைப்படக்காரரின் கட்டளைக்கிணங்க மரத்தடியில் நின்றுகொண்டிருப்பதைக் கண்டு, "பிள்ளைக்குக் குளிரப்போகுது, ஒரு சால்வை குடுங்கோவன்" என்று அவர்களுக்கு அருகே போனார்.

வசந்தம் வந்துவிட்டது என்று நான் சொன்னதை அவர் அன்றும் ஏற்றுக்கொள்ளவில்லை. அவருக்கு அளவுகோல் செர்ரி அன்று, சமையலறை ஜன்னலோரத்தில் ஒரு தொட்டியில் இருக்கும் கறிவேப்பிலைச் செடி. பதினாறு வருஷமாக வளர்க்கிறார். தமிழ்க் கடையில் கறிவேப்பிலை தாராளமாகக் கிடைக்கிறது, ஆனால் அதைக் கறிவேப்பிலை என்று அவர் மதிப்பதில்லை. ஒவ்வொரு புரட்டாசியிலும் அதை உள்ளே கொண்டுவந்து, குளிர்காலம் முழுவதும் பாதி இலையை உதிர்த்துவிட்டு முகம் வாடி நிற்கும் அதைத் தேற்றி, விக்டோரியா ராணியின் பெயரால் மே 25ஆம் தேதிக்கு முந்தைய திங்கட்கிழமை வரும் விடுமுறை நாள் கழிந்த பிறகே நிரந்தரமாகத் தோட்டத்துக்கு அனுப்புவார். அதற்குமுன் ஓர் இரவு உறைபனி விழுந்தாலும் போயிற்று என்பது இவ்வூர்த் தோட்டக்காரர்கள் அனைவரும் அறிந்த விதி. "இது ஊரில பிறந்தது, தம்பி. செர்ரி மாதிரி இதுக்குக் குளிர் விளங்காது" என்றார்.

நான் புறப்பட்டது அந்த விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பு. காலையில் நல்ல வெயில். மேப்பிள் மரங்களில் குழந்தையின் உள்ளங்கைபோல் இலைகள் சுருக்கம் விரிந்துகொண்டிருந்தன. பெரியவர் வழக்கப்படி பத்து மணிக்குத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பின்கட்டுப் படியில் வெயிலில் வைத்திருந்தார். உச்சியில் இரண்டு கொழுந்து, தேன் நிறத்தில். மாலை நான்கு மணிக்கு என் பெட்டிகள் காரில் ஏறின. விடைபெற நான் வேலியோரம் போனபோது காற்று திரும்பிவிட்டிருந்தது. ஏரிப் பக்கமிருந்து வந்தது.

"நில்லுங்கோ, வாறன்" என்று சொல்லிவிட்டு, பெரியவர் முதலில் குனிந்து தொட்டியை இரு கைகளாலும் அணைத்தெடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்துக் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். பிறகுதான் என்னை வழியனுப்ப வந்தார்.